நெற்றி முள்ளைத் தேடிப் போன கடல் வழி

ஞாயிறு, இரவு

நாளை விடிகாலையில் ஆய்வுப் படகு கிளம்புகிறது. துறைமுகத்தின் உள்பக்கப் படகுத்துறையில் ஆரம்பித்து, கால்வாய் மிதவைகளைத் தொட்டுக்கொண்டு, வெளியே இருக்கும் பாறைத் தீவு வரைக்கும் போய்வரத் திட்டம். தேடிப் போவது கேப்ரெல்லா. எலும்புக்கூட்டு இறால் என்று சொல்வார்கள். பெயரில்தான் இறால். உண்மையில் இது ஆம்ஃபிபாட் வரிசையைச் சேர்ந்த ஓட்டுடலி. கடற்கரை ஈரமணலில் துள்ளுமே சின்னச் சின்ன மணல் துள்ளிகள், அவற்றின் உறவு.

போன மாதம் துறைமுகக் கயிறு ஒன்றிலிருந்து வந்த புட்டியில், நெற்றியில் நீளமான முள்ளோடு ஒரு பெண் கேப்ரெல்லா இருந்தது. தீவிலிருந்து முன்பே வந்திருந்த பழைய புட்டியிலும் நெற்றியில் ஏதோ துருத்திக்கொண்டிருக்கும் குட்டிகள் சில. இரண்டும் ஒரே இனமா? ஒரே இனம் என்றால் துறைமுகத்துக்கும் தீவுக்கும் இடையில் அது எப்படிப் போய் வருகிறது? வேறு வேறு என்றால் எது இங்கேயே இருந்தது, எது கப்பலோடு வந்தது? ஒரு பெண்ணையும் நாலைந்து குட்டிகளையும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லக் கூடாது. நன்றாக வளர்ந்த ஆண்கள் வேண்டும், முட்டைப் பையோடு பெண்கள் வேண்டும், இடைப்பட்ட வயதில் எல்லா அளவும் வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

திங்கள், மாலை

மிதக்கும் படகுத்துறைக்கு அடியில் தொங்கும் கயிறுதான் கேப்ரெல்லா தேடுவதற்கு முதல் இடம். வருடக்கணக்கில் தண்ணீரில் கிடந்த கயிற்றில் செடி போலக் கிளைவிடும் ஹைட்ராய்டு விலங்குகள், கூட்டமாக ஒட்டி வளரும் பிரையோசோவன் விலங்குகள், குழல் புழுக்கள், மட்டிகள் என்று ஒன்றின் மேல் ஒன்றாக வளர்ந்திருக்கும். ஒரு கொத்தை அறுத்து வாளித் தண்ணீரில் போட்டு மெதுவாக அலசினோம். அப்புறம் அதை வெள்ளைத் தட்டில் ஊற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்தோம். முதல் பார்வைக்குத் தட்டில் குப்பையும் தும்பும்தான் தெரியும். பிறகு தும்புகளில் ஒன்று தலைவணங்கும். அடுத்து இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு முழுக்க அசைய ஆரம்பித்துவிடும்.

பின்பக்கத்து மூன்று ஜோடிக் கால்களால் ஹைட்ராய்டுக் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்பின் முன்பாதியைத் தண்ணீரில் நீட்டி, முன்னும் பின்னும் ஆடுவதுதான் இதன் நிலை. இரண்டாம் உணர்கொம்பில் வரிசையாக நிற்கும் நீண்ட மயிர்களால் தண்ணீரில் வரும் துகள்களைச் சேர்த்து வாய்க்குக் கொண்டுபோகும். எதிரில் இன்னொரு ஆண் வந்தால் பெரிய பிடிகால்களை விரித்துக்கொண்டு நிமிர்ந்துவிடும். இடம் மாறும்போது அளவுபுழு போலத்தான் போகும். முன்கால்களால் பிடித்து, உடம்பை வளைத்துப் பின்பகுதியை இழுத்துக்கொள்ளும்.

நெற்றி முள் இருப்பவை ஏராளம். உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் படம் எடுத்தோம், ஏனென்றால் எத்தனாலுக்குப் போனதும் நிறம் வெளுத்துவிடும். நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஏற்ப ஒரே இனத்தில் பழுப்பும் பச்சையும் சிவப்பும் வரும். ஆனால் உடம்பின் எந்த இடத்தில் புள்ளி இருக்கிறது என்பது சில இனங்களில் உதவும். கேப்ரெல்லா மியூட்டிகாவில் பெண்ணின் முட்டைப் பையில் இருக்கும் சிவப்புப் புள்ளிகள் அதற்கு நல்ல உதாரணம்.

படம் எடுத்த பிறகு ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெயில் மயங்க வைத்து, பாதியை 70 சதவீத எத்தனாலிலும் பாதியை 95 சதவீத எத்தனாலிலும் போட்டோம். முதலாவது உருவத்தைப் பார்க்க, இரண்டாவது டிஎன்ஏவுக்கு. நேராக 95 சதவீதத்தில் போட்டால் உடம்பு விறைத்து, தொட்டாலே கால் உடையும். ஃபார்மலினில் போட்டால் உருவம் அழகாக நிற்கும், ஆனால் டிஎன்ஏ கெட்டுவிடும். சீட்டு எப்போதும் பென்சிலில் எழுதி புட்டிக்கு உள்ளேயே போட வேண்டும்: இடம், ஆழம், தேதி, எதில் ஒட்டியிருந்தது, யார் எடுத்தது. 'எதில் ஒட்டியிருந்தது' என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹைட்ராய்டா, கடற்பாசியா, வெறும் கயிறா என்று தெரியாத புட்டி எனக்குப் பாதிப் புட்டிதான்.

செவ்வாய்

கால்வாய் மிதவைகள். அலை பெரிதாக இருந்ததால் இரண்டே மிதவைகளில்தான் சுரண்ட முடிந்தது. கிடைத்தவற்றின் உடம்பு மெல்லியது, தலை வழுவழுப்பாக உருண்டிருந்தது, நெற்றியில் முள்ளே இல்லை. கைலென்ஸில் ஒரு பெரிய ஆணைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் பிடிகால்கள் பிறக்கும் இடத்துக்கு நடுவில், உடம்பின் அடிப்பக்கம் ஒரு கூரான முள். அது போதும், கேப்ரெல்லா ஈக்விலிப்ரா. 1818-இல் தாமஸ் சே அமெரிக்காவின் தென் கரோலினாவிலிருந்து விவரித்த இனம், இன்று உலகின் பல துறைமுகங்களில் இருக்கிறது.

படகு ஓட்டும் அண்ணன் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "குட்டியா இருக்கும்போது நீந்திப் போகாதா தம்பி இது? இறால் குஞ்சு போகுதே."

"இல்லண்ணே. இதுக்கு அந்தப் பருவமே கிடையாது. அம்மா வயித்துப் பையிலிருந்து வெளிய வரும்போதே பெரிசோட சின்ன உருவம்தான்."

"அப்போ கயித்தை விட்டு எப்படித் தாண்டும்?"

இந்தக் கேள்விதான் மொத்த ஆய்வுக்கும் அடி. முட்டை, குஞ்சு எல்லாம் பெண்ணின் மூன்றாம், நான்காம் கண்டங்களில், அதாவது உடல் துண்டுகளில், இருக்கும் பையிலேயே வளரும். மிதந்து திரியும் லார்வா கிடையாது. சில இனங்களில் வெளியே வந்த குஞ்சுகள் சில காலம் தாயின் உடம்பையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே தூரம் போக வேண்டுமென்றால் அது பிடித்திருக்கும் பொருள்தான் போக வேண்டும். மிதந்து வரும் பாசிக் கொத்து, கப்பலின் அடிப்பாகம், இழுத்துச் செல்லும் கயிறு, மட்டி வளர்ப்புக்காக மாற்றும் வலை. கரையோரமாகப் போகும் ஒரு சின்னப் படகே போதும் இதற்கு.

புதன், மழை

வெளிக்கடலுக்குப் போகவில்லை. மறைவான விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கிறோம். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பை மேசையில் இறுக்கிக் கட்டி, திங்கட்கிழமைப் புட்டிகளைத் திறந்தேன். இன்றைக்கு நிறைய எழுதப் போகிறேன்.

கேப்ரெல்லாவை முதல்முறை பார்ப்பவர்கள் தலையை எங்கே தேடுவது என்றே தடுமாறுவார்கள். தலையும் முதல் மார்புக் கண்டமும் ஒட்டியிருக்கும். அதில் முதல் ஜோடிப் பிடிகால், சின்னது. இரண்டாம் கண்டத்தில் இரண்டாம் பிடிகால், ஆணில் பூதாகாரம். மூன்றிலும் நான்கிலும் கால்களே கிடையாது, பை மாதிரி தொங்கும் செவுள்கள் மட்டும். ஐந்து, ஆறு, ஏழில் பிடித்துக்கொள்ளும் கால்கள். வயிற்றுப் பகுதி என்பது கடைசியில் ஒட்டியிருக்கும் ஒரு குட்டிப் பொத்தான், அவ்வளவுதான்.

இனம் பார்க்கும்போது நேராக இனத்துக்குத் தாவக் கூடாது. முதலில் பேரினம். மூன்று, நான்காம் கண்டங்களில் கால் அறவே இல்லையா, அல்லது செவுளின் அடியில் ஒரு மிகச் சின்னக் கணு ஒட்டியிருக்கிறதா? அந்தக் கணு இருந்தால் பாராகேப்ரெல்லா பக்கம் போக வேண்டும். 1890-இல் மாயர் விவரித்த பாராகேப்ரெல்லா பூசில்லாவும் துறைமுகங்களில் ஊடுருவுகிற இனம்தான், ஆகவே இதைச் சும்மா விட முடியாது. விளக்கைச் சாய்த்து, செவுளை ஊசியால் தள்ளிப் பார்த்தேன். கணு இல்லை. சுத்தமாக இல்லை. சரி, கேப்ரெல்லா. இந்த ஒரு பேரினத்திலேயே 150-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

அப்புறம் முள். பெரிய ஆணில் அது தலையின் மேலிருந்து கிளம்பி முன்னோக்கிச் சாய்கிறது, நுனி கூர்மையானது. பெண்ணிலும் இருக்கிறது, கொஞ்சம் குட்டை. இரண்டாம் பிடிகாலின் முதல் கணு மெலிந்து நீண்டிருக்கிறது, கிட்டத்தட்ட அது தொங்கும் கண்டத்தின் நீளத்துக்கே வருகிறது. முதல் இரண்டு கண்டங்களும் இழுத்து நீட்டியது போல. முதுகு பெரும்பாலும் வழுவழுப்பு, பின்பக்கத்தில் மட்டும் சின்னச் சின்ன மேடுகள். அடர்ந்த மயிர் எங்கும் இல்லை, ஆகவே மியூட்டிகா இல்லை. மியூட்டிகா ஆணின் முதல் இரண்டு கண்டங்கள் மயிரால் மூடியிருக்கும், தலையில் முள் இருக்காது. பிடிகால்களுக்கு நடுவில் அடிமுள் இல்லை, ஆகவே ஈக்விலிப்ராவும் இல்லை.

எல்லாம் சேர்ந்து போய் நிற்கும் பெயர் கேப்ரெல்லா ஸ்கௌரா. 1836-இல் ராபர்ட் டெம்பிள்டன் மொரீஷியஸிலிருந்து விவரித்தது. இந்தப் பெயருக்கு ஒரு சிக்கலான வரலாறு உண்டு. முள்ளின் நீளம், பிடிகாலின் வடிவம், முதுகு மேடு இவற்றை வைத்து இதற்குள்ளேயே பல வடிவங்களைப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். பால் மாயர் 1882-இல் நேப்பிள்ஸ் வளைகுடாவின் கேப்ரெல்லிட்கள் பற்றி எழுதிய பெரிய நூலிலிருந்து, 1903 வரைக்கும் இந்தக் குடும்பத்தை விடாமல் தோண்டினார். அவருடைய படங்களை இன்றும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். கையால் வரைந்த கோடு ஒன்றில் மயிர் எங்கே முளைக்கிறது என்பது வரை தெரியும். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் படங்களை எந்தப் புகைப்படமும் முழுசாக ஈடு செய்யவில்லை என்பது என் கருத்து.

ஸ்கௌரா மத்திய தரைக்கடலில் முதலில் பதிவானது வெனிஸ் காயலில், 1994-இல். அதன் பிறகு அந்தக் கடலின் துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. மொரீஷியஸில் பெயர் வைத்த விலங்கு வெனிஸில் ஏன் வந்தது என்று கேட்க வேண்டுமென்றால், முதலில் இரண்டும் ஒரே விலங்கு என்று சொல்லத் தெரிய வேண்டும். பெயரைத் தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் கட்டுகிற பரவல் வரைபடமும் தப்பாகிவிடும்.

இன்று என்னை மிகவும் பிடித்து வைத்திருந்தது வளர்ச்சித் தொடர்தான். ஆண்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தட்டில் அடுக்கினேன். 4 மி.மீ. ஆணைப் பெண் என்றே சொல்லிவிடலாம். கண்டங்கள் குட்டை, பிடிகால் சாதுவானது, முள் வெறும் மொட்டு. ஒவ்வொரு தோலுரிப்பிலும் முன்கண்டங்கள் மற்றவற்றைவிட வேகமாக நீள்கின்றன, பிடிகாலின் உள்ளங்கையில் நச்சுப்பல் என்று அழைக்கப்படும் கூரான பல் எழும்பி வருகிறது. கடைசி ஆணையும் முதல் ஆணையும் தனித்தனிப் புட்டியில் யாராவது அனுப்பினால் இரண்டு இனம் என்றுதான் எழுதுவார்கள். பழைய நூல்களில் இப்படிப் பிறந்த பெயர்கள் கொஞ்சமல்ல. ஆகவே தீவுக் குட்டிகளின் 'ஏதோ துருத்தல்' பற்றி இப்போதைக்கு வாய் திறக்க மாட்டேன்.

வியாழன்

வானம் தெளிந்தது. தீவு.

வற்றம் அடியில் இருக்கும்போது இறங்கி, பாறை விளிம்பில் வளரும் பழுப்புப் பாசிக் கொத்துகளைக் கையால் பிடித்து, பைக்குள் நுழைத்து, பிறகுதான் அடியில் அறுக்க வேண்டும். அப்படியே பிய்த்தால் பாதி விலங்குகள் அலையோடு போய்விடும். பையில் கொண்டுவந்ததை வாளியில் அலசி 0.5 மி.மீ. சல்லடையில் வடித்தோம்.

துறைமுகத்தில் பார்த்ததற்கும் இதற்கும் வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. இவை தடியானவை. அலை அடிக்கிற இடத்துக்கு ஏற்ற உடம்பு: குட்டைக் கண்டங்கள், கனத்த பின்கால்கள், பாசியிலிருந்து இடுக்கியால் எடுக்கும்போது கால் உடைந்தாலும் பிடி விடாது. உடன் வந்த மாணவி அரைமணி நேரம் ஒரே கொத்தில் உட்கார்ந்து ஒன்றொன்றாகப் பிரித்து எடுத்தாள், ஒரு காலும் உடையாமல். இந்தப் பொறுமையைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

பெரிய ஆண்கள் கிடைத்துவிட்டன. அதுவே இன்றைய நல்ல செய்தி.

வெள்ளி, கரையில்

கள ஆய்வுக்கூடத்துக்கு வந்தாயிற்று. ஆடாத மேசை, நல்ல மைக்ரோஸ்கோப். தீவு ஆணின் தலை: முள் இல்லை, முக்கோணமாக ஒரு குட்டி நீட்சி. முதுகுக் கோட்டிலிருந்து மேலே எழும்பாமல் அப்படியே முன்னோக்கிப் போகிறது. இரண்டாம் பிடிகாலின் முதல் கணு குட்டை, தடி. ஸ்கௌராவின் அந்த மெலிந்த நீளம் இதில் எந்த அளவிலும் இல்லை, மிகப் பெரிய ஆணிலும் இல்லை. அளவு வரிசையை இங்கேயும் அடுக்கிப் பார்த்தேன். சின்னது முதல் பெரியது வரை முக்கோணம் முக்கோணமாகவே இருக்கிறது, முள்ளாக மாறுவதில்லை. துறைமுகக் குட்டிகளின் மொட்டும் தீவுக் குட்டிகளின் முக்கோணமும் முதல் பார்வையில் ஒன்று போலத் தோன்றினாலும் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் வேறு. மொட்டு மேலே எழுகிறது, முக்கோணம் முன்னே போகிறது. ஆக இரண்டும் வேறு இனம். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

மதியத்துக்கு மேல் வாயுறுப்புகள். தலையைக் கிளிசரினில் வைத்து, டங்ஸ்டன் ஊசி இரண்டால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்: மேலுதடு, தாடைகள், கீழுதடு, இரண்டு ஜோடித் துணைத்தாடைகள், அவற்றை மூடிக்கொண்டிருக்கும் தாடைக்கால். தாடையில் உணர்விரல் இல்லை என்பது கேப்ரெல்லாவுக்குப் பொருந்துகிறது. இடது தாடையும் வலது தாடையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் இல்லை. இடதில் வெட்டு விளிம்பில் தெளிவான ஐந்து பற்கள், வலதில் அந்தப் பக்கத்து அசையும் தட்டின் விளிம்பு வேறு மாதிரி. ஆகவே எந்தப் பக்கத்துத் தாடை என்று கண்ணாடிச் சில்லில் உடனே எழுதிவிட வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் தெரிவதைத் தாளின் மேல் விழுவது போலக் காட்டும் கேமரா லூசிடா வழியாக வரைந்தோம். வரையும்போதுதான் பார்க்கிறோம் என்பது உண்மை. மயிர் ஒன்றை வரைய அது எங்கே முடிகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

தீவு விலங்கு கேப்ரெல்லா பெனான்டிஸ் போல இருக்கிறது, 1814-இல் விலங்கியலாளர் லீச் பெயர் வைத்தது. ஆனால் அந்தப் பெயரை அப்படியே எழுதத் துணியவில்லை. உலகம் முழுக்கப் பெனான்டிஸ் என்று எழுதப்பட்டவை ஒரே இனம் அல்ல, பார்வைக்கு ஒன்று போலிருக்கும் பல இனங்களின் கூட்டம் என்று மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆகவே சீட்டில் 'பெனான்டிஸுக்கு நெருக்கமானது' என்றுதான் எழுதியிருக்கிறேன். தயக்கம் இருந்தால் சீட்டிலேயே எழுதி வைப்பதுதான் அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை.

மாணவி கேட்டாள்: "சார், வகைப்பாட்டில் இதையெல்லாம் எங்கே வைக்கிறது? நூலுக்கு நூல் மாறுதே."

மாறத்தான் செய்யும். அமைப்பு இவ்வளவு விநோதமாக இருப்பதால் ஆம்ஃபிபாட்களுக்குள் கேப்ரெல்லிட்களுக்குத் தனி உள்வரிசையே கொடுத்திருந்தார்கள். லாமார்க் கேப்ரெல்லா பேரினத்தை 1801-இல் நிறுவினார், லத்ரெய் ஆம்ஃபிபாட் வரிசையை 1816-இல் நிறுவினார். அதற்குப் பிறகு நீண்ட காலம் அந்தத் தனி அறையிலேயே இவை இருந்தன. மயர்ஸும் லவ்ரியும் 2003-இல் கோரோஃபிட்கள் என்ற இன்னொரு ஆம்ஃபிபாட் கூட்டத்தின் உறவுமுறையை ஆராய்ந்தபோது, கேப்ரெல்லிட்கள் அந்தக் கூட்டத்துக்கு உள்ளேயே முளைத்தவை என்று கண்டு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வயிற்றுப் பகுதி சுருங்கியதும் கால்கள் போனதும் தனி வம்சம் என்பதற்குச் சான்று இல்லை, கொத்துகளைப் பிடித்து வாழ்ந்ததன் விளைவு. இடைப்பட்ட நிலையில் கேப்ரோகாமரஸ் என்ற பேரினம் இருக்கிறது, அதன் வயிற்றுப் பகுதி கேப்ரெல்லாவைவிடப் பெரியது. இன்னும் விநோதம், திமிங்கிலத்தின் தோலில் வாழும் திமிங்கிலப் பேன்களும் இதே கிளைதான். 2013-இல் அதே இருவர் சென்டிகௌடேட்டா என்ற புதிய உள்வரிசையை நிறுவி, இந்தக் கூட்டத்தை அதற்குள் வைத்தார்கள்.

சனி

புட்டிகளைப் பிரித்துவிட்டோம். கயிற்றுத் தொகுதியும் தீவுத் தொகுதியும், வயது வரிசை முழுக்க, 70 சதவீத எத்தனாலில் அருங்காட்சியகத்துக்குப் போகின்றன. இதில் ஒன்றைப் புதிய இனம் என்று யாராவது பின்னால் சொல்ல விரும்பினால், விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி ஒரு குறிப்பிட்ட உடலை வகைமாதிரியாகக் காட்டியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டிலிருந்து வெளியாகும் பெயர்களுக்கு அது வெளிப்படையாக எழுதப்பட வேண்டும், 'இது புதிய இனம்' என்ற நோக்கமும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே உடையாத, நன்கு வளர்ந்த ஆண்களைத் தனிப் புட்டிகளில் வைத்திருக்கிறேன். மற்ற ஆராய்ச்சியாளர்கள் திறந்து பார்க்க முடியாத மாதிரி எதற்கும் உதவாது.

95 சதவீத எத்தனாலில் இருப்பவை டிஎன்ஏ வாசிக்கப் போகின்றன. ஒரு காலே போதும், மீதி உடல் அப்படியே அதே எண்ணோடு பாதுகாக்கப்படும். மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்துகள் கொண்ட துண்டு முதலில். ஸ்கௌரா தொகுதி பிற துறைமுகங்களின் ஸ்கௌராக்களோடு ஒன்றாகச் சேர்ந்தால் எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதைத் தேடத் தொடங்கலாம். தீவுத் தொகுதி பெனான்டிஸ் கூட்டத்தின் எந்தக் கிளையோடு நிற்கிறது, அல்லது தனியாக நிற்கிறதா என்பதைப் பார்த்த பிறகு, வாயுறுப்புப் படங்களைத் திரும்ப எடுத்து அந்தக் கிளையின் விவரணையோடு வைத்துப் பார்க்க வேண்டும். டிஎன்ஏ தனியாகப் பேசினாலும் போதாது, முள்ளும் முக்கோணமும் தனியாகப் பேசினாலும் போதாது.

மிதவை ஈக்விலிப்ராக்களின் சீட்டு எழுதி முடித்தாயிற்று, அவற்றில் சிக்கல் எதுவும் இல்லை. தீவின் கிழக்குப் பக்கப் பாசியை அலை காரணமாக எடுக்க முடியவில்லை. அடுத்த நீர்வற்றத்துக்கு அண்ணனிடம் படகு கேட்டு வைத்திருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.